புன்னை இல்லத்திலிருந்து யாரும் போவதில்லை

பொங்கல் விடுமுறை முடிந்து பெண்கள் திரும்பி வரும் நாளில் மற்ற இல்லங்களின் பொறுப்பாளர்கள் காலையிலிருந்தே வாசலில் நிற்பார்கள். யாரெல்லாம் வரவில்லை என்று பார்க்கிற நிற்பு அது. நறுமுகை மட்டும் உள்ளே உட்கார்ந்து நிதானமாகக் காபி குடித்துக்கொண்டிருந்தாள். புன்னை இல்லத்துப் பெண்கள் யாரும் போய்விட மாட்டார்கள். சொல்லப்போனால் அவர்களில் பாதிப் பேர் பொங்கலுக்கு ஊருக்கே போகவில்லை.

திருச்சிக்கு வெளியே, காவிரிக்கு வடகரையில் இருந்தது அந்தப் பெண்கள் பல்கலைக்கழகம். அங்கே விடுதி என்ற சொல் கிடையாது. எல்லாம் இல்லங்கள். புதிதாகச் சேரும் பெண்ணை ஒவ்வொரு இல்லமும் போட்டி போட்டுக்கொண்டு அழைக்கும். சேர்க்கை வாரம் என்று அதற்குப் பெயர். பாயசமும் பாட்டும் கும்மியுமாக ஒரு கல்யாணக் களை வந்துவிடும். இல்லத்தைத் தேர்ந்தெடுத்த பெண்ணுக்கு அன்றைக்கே ஓர் அக்காவைக் கொடுப்பார்கள். அந்த அக்கா இவள் தலையில் பூ வைத்து, இவளுக்கு முதல் கவளம் ஊட்ட வேண்டும். அதோடு இவள் அந்த இல்லத்துத் தங்கை.

சேர்ப்பது சுலபம், தக்கவைப்பதுதான் பாடு. முதலாண்டுப் பெண்களில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நடுவில் விலகிப் போனால் பல்கலைக்கழகம் அந்த இல்லத்தை மூடிவிடும். போன வருஷம் வாகை இல்லத்தை மூடினார்கள். இப்போது அங்கே உடைந்த கட்டில்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள். வாகையின் பெண்கள் வேறு வேறு இல்லங்களில், யாருடைய தங்கையும் இல்லாமல், சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள்.

"உங்க இல்லத்துச் சோத்துல என்னடி கலக்குறீங்க?" மகிழம் இல்லத்துப் பொறுப்பாளர் ஜெனிஃபர் வாசலில் நின்று கால் வலித்து, உள்ளே வந்து நறுமுகையின் காபியில் பாதியைக் குடித்தாள். "எங்களுக்கு இதோட எட்டு பேர் போச்சு. பொங்கலுக்குப் போனவளுக வரலை. போன் பண்ணா அம்மா எடுத்து, 'புள்ள இங்கயே படிக்கட்டும்மா, எளைச்சுத் துரும்பாப் போயிட்டா'ங்குது. இங்க வந்தப்புறம் அவ பாவாடை இடுப்புல ஏறல, அதை யார்கிட்டச் சொல்றது?"

"நாங்க பாசமா வெச்சுக்கிறோம்."

"ஆமா, நாங்க பிரம்பு வெச்சிருக்கோம். போடி இவளே."

நறுமுகை சிரித்தாள். அவள் சொன்னது பொய்யில்லை, அவளைப் பொறுத்தவரை. முதுகலை கடைசி ஆண்டு படித்துக்கொண்டே இந்த இல்லத்தின் சேர்க்கையையும் தக்கவைப்பையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். காய்ச்சலில் கிடக்கிறவளுக்குக் கஞ்சி, மாதவிலக்கு வலிக்கு வெந்நீர்ப் பை, முதல் தேர்வில் தோற்றவளுக்கு மடி. இவற்றால்தான் பெண்கள் நிற்கிறார்கள் என்று அவள் மனதார நம்பினாள்.

வீட்டு அழைப்புகளுக்குப் பதில் சொல்லும் இடைக்குரல் என்ற இயந்திரம் எல்லா இல்லத்திலும்தான் இருந்தது. அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. சாயங்காலம் விளக்கேற்றினதும் தமிழ்நாட்டில் உள்ள அத்தனை அம்மாக்களும் மகளுக்குப் போன் செய்கிறார்கள். சாப்பிட்டியா, என்ன சாப்பிட்டே, தலைக்கு எண்ணெய் வெச்சியா, துணி தொவைச்சியா, யார்கிட்டயும் வாய் கொடுக்காதே. தினமும் இதே கேள்விகள், இதே பதில்கள். இதற்குப் போய்ப் படிப்பை விட்டுவிட்டு, விளையாட்டை விட்டுவிட்டு ஓடி வர வேண்டுமா? சேரும்போதே பெண்கள் தங்கள் குரலைப் பதிந்து கொடுத்துவிடுவார்கள். வீட்டு அழைப்பை அவர்கள் எடுக்காவிட்டால் அவர்கள் குரலில் இடைக்குரல் எடுக்கும். சாப்பிட்டேன் என்று சொல்லும், மாமாவின் கால்வலியை விசாரிக்கும். பிறகு ஒற்றை வரியில் தகவல் வரும்: அம்மா பேசினார், நலம். சேரும் நாளில் வைக்கிற இருபது கைரேகைகளில் அதற்கான சம்மதமும் ஒன்று. அப்பா அம்மாவும் வைத்ததுதான். படித்துப் பார்த்து வைத்தவர் யாரும் இல்லை.

நறுமுகைக்கு இந்த வருஷம் கிடைத்த தங்கை இதழினி. ஜெயங்கொண்டத்துப் பெண். முதல் மாதம் முழுக்க அழுதாள். பொங்கலுக்குப் போய்விட்டுத் திரும்பி வரவே மாட்டேன் என்று பெட்டியைக்கூடக் கட்டினாள். பிறகு ஒருநாள் அம்மாவிடம் பேசிவிட்டு வந்து பெட்டியைப் பிரித்தாள்.

"நாங்க பெரியம்மா வீட்டுக்குப் போறோம், நீ வந்தா வீடு பூட்டிக் கெடக்கும்னு சொல்லிட்டாங்கக்கா" என்றாள். "கொஞ்சம்கூட வருத்தமில்ல அவங்களுக்கு."

நறுமுகை அவள் தலையைத் தன் மடியில் வைத்து எண்ணெய் தடவிவிட்டாள். அவளுக்கும் முதலாண்டில் இதே போல் ஒரு பொங்கல் வந்தது. இங்கே இருக்க முடியவில்லை, வந்துவிடுகிறேன் என்று அம்மாவிடம் கதறினாள். அம்மா, "இங்க வந்து என்ன பண்ணப்போற? அங்கயே இரு" என்றாள். அப்பா இல்லாத வீட்டில், ஒரே பெண்ணிடம் சொன்ன சொல் அது. அன்றோடு நறுமுகை சொந்த ஊரான முசிறியை மனதிலிருந்து இறக்கி வைத்தாள். சாயங்கால அழைப்புகளை மொத்தமாக இடைக்குரலிடம் விட்டுவிட்டாள். புன்னைதான் வீடு என்று ஆனது.

ஜெனிஃபர் மிச்சக் காபியையும் குடித்து முடித்தபோது வாசலிலிருந்து காவலர் அழைத்தார். இதழினியின் அப்பா வந்திருக்கிறார்.

இதழினி மாடியிலிருந்து இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினாள். நறுமுகை பின்னால் போனாள். இரும்புக் கதவுக்கு அந்தப் பக்கம், தலை மழித்த ஒரு மனிதர் கசங்கிய வேட்டியில் நின்றிருந்தார். ஜெயங்கொண்டத்தில் டயர் கடை வைத்திருக்கும் விக்னேஷ். சேர்க்கையின்போது சுருட்டை முடியும் சிரிப்புமாகப் பார்த்த ஆளா இது என்று நறுமுகைக்குச் சந்தேகமாக இருந்தது.

"என்னப்பா மொட்டை?" இதழினி சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தாள். "என்னை விட்டுட்டுத் திருப்பதி போயிட்டீங்களா?"

அவர் மகளையே பார்த்தார். திட்டுவதற்காக வழியெல்லாம் கோத்துக்கொண்டு வந்த வார்த்தைகள் ஒன்றொன்றாக உதிர்ந்துபோவது முகத்தில் தெரிந்தது.

"பெத்தவளுக்குக் கொள்ளி வைக்கக்கூட வரலியே, அப்படி என்ன படிப்புன்னு ஊரே கேக்குது. கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்" என்றார் மெதுவாக. "தெனம் போன்ல சொன்னியேம்மா. பரீட்சை இருக்கு, முடிச்சுட்டுக் காரியத்துக்கு வந்துடுறேன்னு. நேத்துகூடச் சொன்னியே."

"யாருக்குக் கொள்ளி?"

"அம்மா போயி ஒரு வாரமாச்சு சாமி."

இதழினி நறுமுகையைத் திரும்பிப் பார்த்தாள், அப்பா ஏதோ உளறுகிறார், நீங்கள் சொல்லுங்கள் என்பது போல.

"நேத்து சாயங்காலம் அம்மா பேசினாங்களே" என்றாள். "அடை சுட்டேன்னு சொன்னாங்களேப்பா."

காவலர் தலையைக் குனிந்துகொண்டார். விக்னேஷ் மகளை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டார். அவள் அழவில்லை. அடையைப் பற்றி இன்னும் எதையோ சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர்கள் பேருந்துக்கு நடந்து போவதைப் பார்த்துவிட்டு நறுமுகை நேராகப் பவித்ரா மேடத்தின் அறைக்குப் போனாள்.

பவித்ரா புன்னை இல்லத்தின் காப்பாளர். பெண்களின் பிறந்தநாளை நினைவில் வைத்துக்கொண்டு கேசரி கிளறச் சொல்கிற மனுஷி. செய்தி அவருக்கு முன்பே போயிருந்தது. முகம் கழுவின ஈரம் காயவில்லை.

"உட்காரு" என்றார்.

"அந்தப் பொண்ணோட அம்மா குரல்ல நேத்துப் பேசினது யாரு மேடம்?"

"இடைக்குரல்தான்."

"நம்ம குரல்ல அம்மாகிட்டப் பேசும். அவ்வளவுதானே?"

"இந்தப் பக்கமும் பேசும். நம்ம இல்லத்துல மட்டும்." பவித்ரா கைகளை மேசைமேல் வைத்துக்கொண்டார். "முதலாண்டுப் பொண்ணு ஏன் போறான்னு வருஷக்கணக்கா ஆராய்ஞ்சிருக்காங்க. சாப்பாடு இல்ல, படிப்பு இல்ல, நீங்க சண்டை போட்டுக்கிறது இல்ல. அம்மா போன்ல அழுறா. இவளும் அழுறா. மறுநாள் பெட்டி கட்டுறா. அந்த அழுகையை மட்டும் எடுத்துட்டா போதும்னு தெரிஞ்சுது. இவ அழுதா, அழாத பொண்ணு ஒருத்தி அம்மாகிட்டப் பேசுவா. அம்மா அழுதா, அழாத அம்மா ஒருத்தி இவகிட்டப் பேசுவா. கொஞ்ச மாசம் போனா ரெண்டு பேருக்கும் பழகிடும்."

"செத்துப்போனதைக்கூடச் சொல்லாம..."

"பெட்டி கட்ட வைக்கிற எந்தச் சேதியையும் பரீட்சை வரைக்கும் தள்ளிப்போடச் சொல்லி வெச்சிருந்தோம். நாத்தனார் சண்டை, பாட்டிக்கு மூட்டுவலி, அந்த மாதிரி நெனச்சுதான். அம்மாவே சாவான்னு யாரும் யோசிக்கல." அவர் குரல் ஒருமுறை பிசிறியது. "பதினெட்டு வயசுப் பொண்ணுக்கு அம்மா சாவான்னு யாருக்கும்மா தோணும்?"

நறுமுகைக்குக் கேட்க இன்னும் ஒரு கேள்வி இருந்தது. கேட்காமல் எழுந்து போய்விடலாம் என்றுகூட ஒரு கணம் நினைத்தாள்.

"எப்பலேருந்து இது?"

"உன் வருஷத்துலேருந்து."

"எங்கம்மா அன்னைக்கு, பொங்கலுக்கு முன்னாடி..."

"இப்பவே பஸ் ஏறி வர்றேன், வாசல்லயே நில்லு கண்ணு, என்னை விட்டா உனக்கு யாரு இருக்கான்னாங்க. நான் கேட்டேன். கேட்டுட்டு நானும் அழுதேன்." பவித்ரா அவளை நிமிர்ந்து பார்த்தார். "உங்கம்மாவுக்கு நீ சொன்னதாப் போனது வேற. வேலை நிறைய இருக்கு, வரலைன்னு."

சன்னலுக்கு வெளியே யாரோ கயிற்றில் துணி உலர்த்திக்கொண்டு பாடினார்கள்.

"திங்கக்கெழமை அரசுக் குழு வருது" என்றார் பவித்ரா. "நம்ம முறையை எல்லாக் கல்லூரிக்கும் கொண்டுபோறதுக்கு. பொறுப்பாளர் நீ ஒரு புகார் கொடுத்தா போதும், எல்லாம் நின்னுடும். புன்னையை மூடிடுவாங்க. நான் தடுக்கல. ஆனா இதை நிறுத்தினா ஒவ்வொரு வீட்டுக்கும் தகவல் சொல்லணும், அது சட்டம். ஒரே நாள்ல இங்க இருக்கிற அத்தனை பொண்ணுங்களுக்கும் அவங்கவங்க அம்மாவோட பேசினது யாருன்னு தெரியும். அந்த அம்மாக்களுக்கும் தெரியும். அதை மட்டும் யோசிச்சுக்கோ."

நறுமுகை யோசிக்கவில்லை. அறைக்குப் போய் போனிலேயே புகாரை எழுதி முடித்தாள். அனுப்பும் முன் ஒரு தடவை அம்மாவைப் பார்த்துவிட வேண்டும் என்று மட்டும் இருந்தது. அன்றைக்கு அம்மா வாசலில் நிற்கச் சொன்னாள். வருகிறேன் என்றாள். இத்தனை வருஷம் தான் கசந்துகொண்டிருந்தது ஒரு இயந்திரத்தோடு. அந்த நினைப்பே உடம்பை லேசாக்கியது. முசிறிப் பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்து, அம்மா முகம் எப்படி மாறும் என்று திரும்பத் திரும்பக் கற்பனை செய்துகொண்டு போனாள்.

குணசீலம் தாண்டும்போது இதழினியிடமிருந்து செய்தி வந்தது. "அக்கா, அம்மா குரல் இன்னும் அதுக்குள்ள இருக்குமா? அழிச்சிட வேணாம்னு சொல்லுங்கக்கா."

நறுமுகை போனைக் கவிழ்த்து மடியில் வைத்தாள்.

அம்மா நித்யா பால் சங்கத்திலிருந்து அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தாள். மகளைப் பார்த்ததும் கதவருகே ஒரு நொடி நின்றாள். "வா நறுமுகை" என்றாள். நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். "சொல்லிட்டு வந்திருந்தா மீன் வாங்கி வெச்சிருப்பேனே. பஸ்ஸுல கூட்டமா?"

கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்களிடம் இப்படித்தான் பேசுவாள்.

நறுமுகை எல்லாவற்றையும் சொன்னாள். இதழினி, அவள் அப்பா, மொட்டைத் தலை, அடை, அந்தப் பொங்கல். சொல்லச் சொல்ல அழுதாள். நித்யா முருங்கைக் கீரையை முறத்தில் உருவிப் போட்டுக்கொண்டே கேட்டாள். இதழினியின் அம்மா செத்த இடத்தில் மட்டும் "அட பாவமே" என்றாள்.

"தெனம் உன்கிட்டப் பேசினது நான் இல்லம்மா."

"தெரியும்."

முருங்கைக் காம்பை ஒதுக்கி வைத்தாள்.

"எப்பலேருந்து தெரியும்?"

"எனக்கு டெங்கு வந்துச்சுல்ல, உன் ரெண்டாம் வருஷம். காய்ச்சல்ல சொன்ன கதையையே சொல்லிக்கிட்டுக் கெடந்திருக்கேன். உங்கப்பா ஆத்துல மோதிரத்தைத் தொலைச்ச கதை. போன்ல இருந்தவ கேட்டுக்கிட்டே இருந்தா. நீயா இருந்தா ரெண்டாந்தடவையே 'சொல்லிட்டம்மா'ன்னு கத்தியிருப்ப. நல்லாத் தூங்கி எழுந்தப்புறம் யோசிச்சேன். இது எம்பொண்ணு இல்லன்னு புரிஞ்சுது."

"அப்ப என்கிட்டக் கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டேனே. பக்கத்து வீட்டுத் தங்கமணி கல்யாணத்துக்கு நீ ஊருக்கு வந்தப்ப. 'போன்ல பேசுறது நீதானா பாப்பா'ன்னேன். 'ஆமா, வேற யாரு'ன்ன."

நறுமுகைக்கு நினைவு வந்தது. பந்தியில் இலை போட்டிருந்தது. அம்மாவிடம் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று சட்டென்று சொன்ன பொய். அந்தப் பொய்யை அவள் வாயால் சொல்லும்படி எந்த இயந்திரமும் செய்யவில்லை.

"உனக்கு விருப்பமில்ல, அதான் ஆள் வெச்சுப் பேச வைக்கிறன்னு நெனச்சுக்கிட்டேன்" என்றாள் நித்யா. குரலில் குத்தல் இல்லை. "சரி, அனுப்புன ஆளாவது பேசட்டும்னு விட்டேன். அப்புறம் அவ பழகிட்டா."

"நான் புகார் கொடுக்கப்போறேன்மா. எல்லாத்தையும் நிறுத்திடுவாங்க."

கீரை உருவிய கை நின்றது.

"கொடுத்தா அவ?"

"அவன்னு யாரும் இல்லம்மா. அது நின்னுடும்."

"எனக்கு மட்டும் விடச் சொல்ல முடியாதா?"

"நான் இருக்கேன்ல. இனிமே நான் பேசுறேன். தெனமும்."

"பேசுவ" என்றாள் நித்யா. "ஒரு மாசம் பேசுவ. அப்புறம் உனக்கு வேலை, கல்யாணம், புள்ளைங்க. நான் குத்தம் சொல்லல. நானும் எங்கம்மாவுக்கு அப்படித்தான் இருந்தேன். ஆனா இத்தனை வருஷம் சாயங்காலமானா என்கிட்டப் பேச ஒருத்தி இருந்துட்டா. இப்ப போயி அவளைக் கொன்னுடுன்னா எப்படி?" சொல்லிவிட்டு அந்தச் சொல்லுக்குத் தானே கூசினாள் போல, முறத்தைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

நறுமுகை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்றுதான் இவ்வளவு தூரம் வந்தாள். கட்டிக்கொண்டால் அம்மாவும் கட்டிக்கொள்வாள், மரியாதைக்கு. அதுதான் பயமாக இருந்தது.

பொழுது சாய்ந்தது. நித்யா முகம் கழுவி, பொட்டு வைத்து, விளக்கேற்றினாள். போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போய்த் துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்தாள். நறுமுகை தன் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். தன் எண்ணுக்குத்தான் அம்மா கூப்பிடுகிறாள். முந்திக்கொண்டு எடுத்துவிடலாம் என்று நினைத்தாள். ஆனால் போன் அடிக்கவே இல்லை. இத்தனை வருஷமாக வராத அழைப்பு, இனி அவளைக் கேட்டுக்கொண்டு வராது.

அடுப்படிச் சன்னல் வழியாகக் குரல் வந்தது. அவளுடையதேதான். சேர்ந்த முதல் வாரத்தில் பதிந்தது, பதினெட்டு வயதிலேயே நின்றுவிட்ட குரல்.

"இன்னைக்கு லேட்டும்மா. விளக்கேத்த மறந்துட்டியா?"

"மறப்பேனா பாப்பா. சாப்பிட்டியா?"

"இட்லி. கல்லு மாதிரி. தூக்கி எறிஞ்சா மண்டை ஒடையும்."

நித்யா வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நறுமுகை கேட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"பெரியவ வந்திருக்கா" என்றாள் நித்யா, குரலைத் தாழ்த்தி.

"அக்காவா? எப்பம்மா வந்தா? எளைச்சிருக்காளா?"

"ரொம்ப. கண்ணெல்லாம் உள்ள போயிடுச்சு. ஏதோ மனசு சரியில்ல."

"திட்டாதம்மா. ராத்திரிக்கு மோர்க்குழம்பு வெச்சுக் குடு. அப்பளம் பொரி. அவளுக்குப் புடிக்கும்."

"சரி சரி. நீ நேரத்தோட தூங்கு."

நறுமுகை போனைத் திறந்தாள். எழுதி வைத்திருந்த புகார் அப்படியே இருந்தது. அதை இன்னொரு முறை முழுதாகப் படித்தாள். ஒரு வரிகூடத் தப்பில்லை. மெதுவாக, அடியிலிருந்து ஒவ்வொரு வரியாக அழித்துக்கொண்டே மேலே வந்தாள்.

நித்யா உள்ளே வந்து மோர்ப் பானையை எடுத்தாள். மகளின் முகத்தைப் பார்க்காமல், கொஞ்சம் தயங்கிச் சொன்னாள்.

"உன்னை ரொம்ப விசாரிச்சா."

"நானும் விசாரிச்சேன்னு சொல்லும்மா" என்றாள் நறுமுகை.